அருணகிரி முதலாளி ஏழு பேரான கதை

வெம்பாறை என்கிற ஊரில், குவாரி முதலாளி அருணகிரி ஒரு வியாழக்கிழமை காலையில் ஏழு பேராக எழுந்து வந்து, தன் வீட்டு முற்றத்தில் வரிசையாக நின்று பல் தேய்த்துக்கொண்டிருந்தபோது, அந்தத் தெரு வழியாகப் பால் கேனோடு போன சைக்கிள்காரர் இறங்கி நின்று, ஏழு கும்பிடு போட்டுவிட்டுப் போனாரே தவிர, இதென்ன கூத்து என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. அந்த வீட்டு வாசலில் நின்று எதையும் கேட்கிற வழக்கம் வெம்பாறையில் எப்போதுமே இருந்ததில்லை.

ஏழு பேருக்கும் ஒரே மீசை, ஒரே வழுக்கை, வலது காதோரம் ஒரே மரு. ஏழு பேரும் ஒரே நேரத்தில் வாய் கொப்பளித்துத் துப்பினார்கள். சத்தம் கேட்டு வெளியே வந்த அவர் சம்சாரம் சொர்ணம், நிலைப்படியில் நின்று விரல்விட்டு எண்ணினாள். எண்ணி முடித்ததும் உள்ளே போய், அடுப்பில் இருந்த சின்ன இட்லிக்கொப்பரையை இறக்கிவிட்டு, விசேஷங்களுக்கு எடுக்கிற பெரிய கொப்பரையைப் பரணிலிருந்து எடுத்துத் துடைத்து ஏற்றினாள். ஒரு அருணகிரியோடு இருபத்தாறு வருஷம் குடித்தனம் நடத்தியவளுக்கு, ஆச்சரியப்படுவதற்கென்று தனியாக எதுவும் மிச்சமில்லை.

ஏன் ஏழு, ஏன் ஆறில்லை, ஏன் எட்டில்லை என்பது அந்த ஊரிலேயே ஒருத்திக்குத்தான் தெரியும். தாலுகா ஆபீசுக்கு எதிரே தட்டச்சு நிலையம் வைத்து, முப்பது வருஷமாக ஊருக்கெல்லாம் இங்கிலீஷில் மனு அடித்துக் கொடுக்கிற சந்தனமேரி, பத்து மணிக்கு டீக்கடைக்காரர் வந்து சேதி சொன்னதும், கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, பீரோவைத் திறந்து, ஒரு மனுவின் கார்பன் பிரதியை உருவி எடுத்து, சிவப்புப் பென்சிலால் ஒரு குறிப்பிட்ட வார்த்தையை மட்டும் தேடித்தேடிச் சுழித்துக்கொண்டே வந்தாள். ஏழு இருந்தது. மறுபடியும் முதலிலிருந்து எண்ணினாள். அப்போதும் ஏழுதான்.

அது முப்பிடாதியின் மனு. முப்பிடாதியின் புருஷன் இசக்கிமுத்து குவாரியில் வெடிக்குழி போடுகிறவன். ஐப்பசி மழை விட்ட மூன்றாம் நாள், பாறை ஊறிப்போயிருக்கிறது, இன்றைக்கு நானும் இறங்க மாட்டேன், வேறு ஆளை இறங்கவும் விடமாட்டேன் என்று சொன்னான். சொன்ன இடத்திலேயே, நடுப்பகலில், முப்பது பேர் சுற்றி நின்று பார்த்துக்கொண்டிருக்க, அருணகிரி முதலாளி ஒரு கடப்பாரையை எடுத்து அவன் மண்டையில் அடித்தார். பாருங்கள், கதை சொல்கிற எனக்கே செத்தவன் 'அவன்' என்றும் அடித்தவர் 'அவர்' என்றும்தான் வாயில் வருகிறது. கால் தவறி விழுந்து செத்தான் என்று எழுதி முடித்தார்கள். பார்த்த முப்பது பேரும் அன்றைக்கு வேறு திசையில் பார்த்துக்கொண்டிருந்ததாகச் சொல்லிவிட்டார்கள். முப்பிடாதி பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாளே, ஈரம் காயாத தலையோடு, சந்தனமேரியின் கடைப்படியில் வந்து உட்கார்ந்தாள்.

"டெல்லிக்கு எழுதணும்க்கா. இங்க உள்ளவனுவளுக்கு எழுதி என்னத்துக்கு? இங்கிலீசுல எழுதுங்க" என்றாள்.

சந்தனமேரிக்கு இங்கிலீஷ் என்றால் உயிர். பன்னிரண்டு வயதில் கான்வென்ட்டில் ஒரு சிஸ்டர் கரும்பலகையில் 'ஹி' என்று எழுதி, ஒரு ஆணைப் பற்றி எழுதும்போது அவர் யாராக இருந்தாலும் இது ஒன்றுதான் என்று சொன்ன நாளை அவள் மறக்கவே இல்லை. ஜனாதிபதிக்கும் 'ஹி', ஜனாதிபதியின் செருப்பைத் தைக்கிறவருக்கும் 'ஹி'. அவளுடைய அப்பாவை ஊரில் பாதிப் பேர் பத்து வயதுப் பிள்ளைகள் உட்பட 'அவன்' என்றுதான் பேசுவார்கள். அந்த அப்பாவும் ஊர்ப் பெரிய மனிதரும் ஒரே வார்த்தைக்குள் தோளோடு தோள் நிற்கிற பாஷை ஒன்று உலகத்தில் இருக்கிறது என்று தெரிந்த அன்று, அவளுக்கு ராத்திரி சாப்பாடு இறங்கவில்லை, அவ்வளவு சந்தோஷம். பிற்காலத்தில் தட்டச்சு வகுப்பு எடுத்தபோது, அப்பாவை மரியாதையாகச் சொல்வதாக நினைத்துக்கொண்டு 'மை ஃபாதர், தே ஆர் கமிங்' என்று அடிக்கிற பிள்ளைகளிடம், "ஏளா, ஒனக்கு எத்தன அப்பா?" என்று கேட்டு வகுப்பையே சிரிக்கவைப்பாள். ஒரே ஆளைப் பலராக்கி எழுதுகிற அந்தத் தப்பை நம்மைத் தவிர வேறு யாரும் செய்ய மாட்டார்கள் என்று அவள் சொல்லாத நாளில்லை.

அப்படிப்பட்டவள்தான் முப்பிடாதிக்காக மெஷினில் தாளைச் செருகினாள். முப்பிடாதி சொல்லச் சொல்ல அடித்தாள். செத்துப்போன இசக்கிமுத்து வந்த இடத்திலெல்லாம் 'ஹி' என்று சுத்தமாக விழுந்தது. "மொதலாளி வந்தாவ" என்றாள் முப்பிடாதி. வந்தார்கள் என்று அர்த்தம், அந்தச் சீமையில் மரியாதைக்குரிய ஒற்றை ஆளைப் பலராக்கித்தான் சொல்வார்கள். சந்தனமேரியின் விரல் ஒரு கணம் நின்றது. முப்பது வருஷமாக அருணகிரியின் ஜீப் தாலுகா ஆபீஸைத் தாண்டும்போதெல்லாம், என்ன அவசர வேலையில் இருந்தாலும், முதுகு தன்னால் நாற்காலியை விட்டு எழும்பிவிடும். அந்த முதுகுதான் விரலுக்குச் சொல்லிக் கொடுத்திருக்க வேண்டும். 'தே' என்று அடித்தாள். தே வந்தார்கள், தே கத்தினார்கள், தே கடப்பாரையை எடுத்தார்கள், தே அடித்தார்கள். ஏழு இடம். இங்கிலீஷ் தெரியாமல் செய்ததில்லை. பயம், வேறொன்றும் இல்லை. டெல்லியில் அந்தத் தாளுக்கு ஒரு புதன்கிழமை முத்திரை குத்தி எண் போட்டார்கள். மறுநாள்தான் அந்த வியாழக்கிழமை.

ஊர் ஒரு வாரத்துக்குள் எல்லாவற்றையும் பழகிக்கொண்டது. முடிதிருத்துகிற பொன்னையா ஞாயிற்றுக்கிழமைகளில் முதலாளி வீட்டைத் தவிர வேறெங்கும் போவதில்லை என்று முடிவுசெய்தார், ஏனென்றால் ஏழு முகத்தை மழித்து முடிப்பதற்குள் பொழுது சாய்ந்துவிடும். கோயில் கொடைத் திருவிழாவில் முதல் மரியாதை ஏழு தலைக்குக் கட்ட வேண்டியிருந்ததால், சாமி ஆடுகிறவர் ஆட்டத்தைப் பாதியில் நிறுத்திக்கொண்டு, ஏழாவது தலைக்குப் பட்டுக் கட்டும்வரை மூச்சு வாங்கியபடி ஓரமாக நின்றார். பஸ்ஸில் முன்வரிசை எப்போதும் காலியாக விடப்பட்டது. கல்யாண வீட்டில் ஒரு அருணகிரி நுழைந்ததும் எழுந்து நின்ற ஜனங்கள் உட்காரப் போவதற்குள் அடுத்தவர் நுழைவார், அதனால் வயதானவர்கள் முதலிலிருந்தே நின்றுகொண்டு சாப்பிடப் பழகினார்கள். முதலாளியைப் பார்க்க இனிமேல் காத்துக்கிடக்க வேண்டியதில்லை, எப்போது போனாலும் ஒருவர் இருக்கிறார் என்று அதிலும் ஒரு சௌகரியத்தைக் கண்டுபிடித்துப் பேசிக்கொண்டார்கள்.

குவாரியில்தான் கஷ்டம். முன்பெல்லாம் ஜீப் கிளம்பிப் போனதும் ஆட்கள் பாறை நிழலில் கொஞ்ச நேரம் குந்துவார்கள், ஒரு பீடி பற்றவைப்பார்கள், இசக்கிமுத்து இருந்த காலத்தில் அவன் ஏதாவது கேலி சொல்ல எல்லாரும் சிரிப்பார்கள். இப்போது மேல் தட்டில் ஒரு அருணகிரி, கீழ்த் தட்டில் ஒரு அருணகிரி, கிரஷர் பக்கத்தில் ஒருவர், தண்ணீர்த் தொட்டிப் பக்கத்தில் ஒருவர் என்று எங்கே திரும்பினாலும் அந்த மீசை தெரிந்தது. ஊறின பாறையாக இருந்தாலும் இறங்கினார்கள். பேச்சு நின்றுபோனது. எந்த முதலாளி சொன்னார் என்று யாரும் யாரையும் கேட்டுக்கொள்ளவில்லை, ஏனென்றால் பெரிய முதலாளி, நடு முதலாளி என்று பிரித்துப் பேசுவது மரியாதை இல்லை என்று ஊரே சொல்லாமல் ஒரு முடிவுக்கு வந்திருந்தது.

இதெல்லாம் சந்தனமேரியின் மெஷின் வேலை என்று எப்படியோ கசிந்தபோது, அவள் கடையில் கூட்டம் சேர்ந்தது. திட்ட வருகிறார்கள் என்றுதான் அவள் நினைத்தாள். வந்தவர்களோ தங்களுக்கும் அதேபோல எழுதித் தரச்சொல்லிக் கெஞ்சினார்கள். பள்ளிக்கூடத்துத் தலைமை ஆசிரியர் தனக்கு நாலு பேராக வேண்டும், ஓர் ஆளால் சமாளிக்க முடியவில்லை என்றார். செண்பகவடிவு என்று ஒரு தாயார் வந்து, வெளிநாட்டுக்குப் போய் ஆறு வருஷமாகத் திரும்பாத ஒரே மகனுடைய போட்டோவை மேஜையில் வைத்து, "ரெண்டா அடிங்கம்மா, போதும். ஒண்ணு அங்க இருந்து சம்பாதிக்கட்டும், ஒண்ணு எங்கிட்ட வந்து சாப்பிடட்டும்" என்று அழுதாள். சந்தனமேரி அவளுக்கு ஒரு தாள் முழுக்க 'தே' அடித்துக் கொடுத்தாள். ஒன்றும் நடக்கவில்லை. தலைமை ஆசிரியருக்கும் பலிக்கவில்லை. யார் பேரைச் சொன்னால் ஊர் தன்னை அறியாமல் எழுந்து நிற்குமோ, அவருக்கு மட்டும்தான் அது பலித்தது. செண்பகவடிவு போட்டோவைப் புடவைத் தலைப்பில் துடைத்து எடுத்துக்கொண்டு போனாள்.

தை மாசம் டெல்லிக்காரர்கள் ஒரு விசாரணை அதிகாரியை அனுப்பினார்கள். மெட்ராஸ் பக்கத்து ஆள், சளி பிடித்து மூக்கை உறிஞ்சிக்கொண்டே இருந்தார், கெட்டவர் என்று சொல்ல முடியாது. தாலுகா ஆபீஸ் பெரிய கூடத்தில் ஏழு நாற்காலி போட்டிருந்தார்கள். முப்பிடாதி ஒரு தூணோரம் நின்றாள்.

"கடப்பாரையால அடிச்சது இதுல யாரு?" என்று கேட்டார் அதிகாரி.

முதல் அருணகிரி எழுந்து, தான் அன்றைக்கு வீட்டில் காய்ச்சலில் படுத்திருந்ததாகச் சொன்னார், மற்ற ஆறு பேரும் ஆமாம் என்று தலையாட்டினார்கள். இரண்டாமவர் தான் கோயிலில் இருந்ததாகச் சொன்னார், அதற்கும் ஆறு பேர் சாட்சி. இப்படியே ஏழு பேரும் ஏழு இடத்தில் இருந்தார்கள். அதிகாரி மனுவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஏம்மா, அடிச்சது ஒருத்தரா, பல பேரா? மனுவுல பல பேர்னு இருக்கே. ஒரே கடப்பாரைய ஏழு பேரும் சேர்ந்து பிடிச்சாங்களா?"

"மொதலாளிதான்யா" என்றாள் முப்பிடாதி.

"எந்த முதலாளி?"

முப்பிடாதி ஏழு முகத்தையும் பார்த்தாள். தாலி கட்டின நாளிலிருந்து புருஷனோடு வேலைக்குப் போய் அந்த முகத்தைத் தினமும் பார்த்தவள்தான். ஆனால் யாரைக் காட்டினாலும் மற்ற ஆறு பேர் அப்படியே இருப்பார்கள். அதிகாரி மூக்கைத் துடைத்துக்கொண்டு, மனுவில் பிழை இருந்தால் திருத்திய மனு கொடுக்கலாம், அதை டைப் அடித்தவரே வந்து எல்லார் முன்னாலும் வாசித்து உறுதி சொல்ல வேண்டும், மாசி இருபதாம் தேதி கடைசி, அன்றைக்கும் ஆளைச் சொல்ல முடியவில்லை என்றால் ஃபைலை மூடிவிடுவேன் என்று சொல்லிவிட்டு எழுந்தார்.

அன்று சாயங்காலம் சந்தனமேரி தானே முப்பிடாதியின் வீட்டுக்குப் போனாள். ஓலைக்கூரைக்குக் கீழே முப்பிடாதி உரலில் எதையோ இடித்துக்கொண்டிருந்தாள்.

"முப்பிடாதி, ஏழு எடத்துல நாந்தான் தப்பா அடிச்சிட்டேன். ஒன் வாயில வந்தத அப்படியே அடிச்சேன்னு சொல்லித் தப்பிக்கலாம். ஆனா எனக்குத் தெரியும், தெரிஞ்சுதான் அடிச்சேன்."

உலக்கை நின்றது. "பயந்துட்டியளாக்கா?"

சந்தனமேரி தலையைக் குனிந்துகொண்டாள்.

"நானும் பயந்துதான சொன்னேன்" என்றாள் முப்பிடாதி. "எங்க வீட்டு அவியளும் பயந்துதான் இருந்தாவ. அன்னைக்கு ஒரு நாளுதான் பயப்படல." பிறகு உலக்கையைச் சுவரில் சாத்திவிட்டு, "இந்தத் தடவ சரியா அடிங்க. எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம். யாரு அடிச்சதுன்னு ஒரு தாளுல இருக்கணும். எங்க வீட்டு அவிய கால் தவறி விழல" என்றாள்.

சந்தனமேரி மறுநாள் மத்தியானம் கடைக்கதவைப் பாதி சாத்திக்கொண்டு, புது ரிப்பன் போட்டு, ஏழு இடத்திலும் 'ஹி' என்று அடித்தாள். ஒவ்வொரு தடவையும் தோள்பட்டையில் இழுத்துப் பிடித்தது. ஆறாவது 'ஹி'யை அடித்துக்கொண்டிருந்தபோது கதவு முழுசாகத் திறந்தது. ஏழு அருணகிரியும் உள்ளே வந்தார்கள். கடையில் இரண்டு நாற்காலிதான். இரண்டு பேர் உட்கார்ந்தார்கள், ஐந்து பேர் சுவரோரம் சாய்ந்தார்கள். சந்தனமேரி எப்போதோ எழுந்து நின்றிருந்தாள்.

"ஒன்னப் பாத்துட்டுப் போலாம்னுதான் வந்தோம் மேரி" என்றார் உட்கார்ந்திருந்த ஒருவர்.

"ரொம்ப உபகாரம் பண்ணிருக்க" என்றார் மற்றவர். "ஒத்த ஆளா இருந்து ஓடிக்கிட்டே கெடந்தேன். இப்பதான் நிம்மதியா ஒரு வாய் காப்பி குடிக்க முடியுது."

சுவரோரம் நின்ற ஒருவர் வந்து, மெஷினில் இருந்த தாளைக் குனிந்து பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். "இங்கிலீசு நமக்கு வராது. நீ அடிச்சா சரியாத்தான் இருக்கும். முப்பது வருசமா இதே எடத்துலதான இருக்க?" என்றார்.

"ஆமாங்கய்யா."

"இரு, இரு. நல்லா இரு" என்றார் கதவோரம் நின்றவர். ஏழு பேரும் போனார்கள். கடையில் ஏழு பேர் பூசின சந்தன வாசனை வெகுநேரம் இருந்தது. சந்தனமேரி ஒரு சொம்பு தண்ணீர் குடித்துவிட்டு, உட்கார்ந்து, ஏழாவது 'ஹி'யை அடித்தாள். இதை அவள் பக்கத்தில் கட்டாயம் சொல்ல வேண்டும். அடித்துவிட்டாள்.

மாசி இருபதாம் தேதி கூடம் நிறைந்துவிட்டது. குவாரியில் அன்றைக்குப் பார்த்த முப்பது பேரும் வந்திருந்தார்கள், உள்ளே இடமில்லாமல் ஜன்னல் கம்பிகளைப் பிடித்துக்கொண்டு நின்றவர்கள் வேறு. இசக்கிமுத்துவோடு ஒரே வெடிக்குழியில் இறங்கின கொம்பையா, "இன்னைக்கு நான் உள்ளதச் சொல்லப்போறேன் மதினி, என்ன ஆனாலும் சரி" என்று முப்பிடாதியிடம் வந்து சொல்லிவிட்டுப் போனான். அதிகாரி, மேஜையோரம் உட்கார்ந்திருந்த தாலுகா ஆபீஸ் ஸ்டெனோவிடம், இன்றைக்கு இந்தக் கூடத்தில் பேசுகிற ஒவ்வொரு வார்த்தையையும் இங்கிலீஷில் பதிவுசெய்ய வேண்டும் என்றார். சந்தனமேரி எழுந்து, தாளைப் பிரித்து, வாசிக்கத் தொடங்கினாள்.

முதலாளியைக் குறித்த முதல் 'ஹி' வந்ததும் ஓர நாற்காலி காலியானது. சத்தம் எதுவும் இல்லை, உட்கார்ந்திருந்தவர் அங்கே இல்லை, அவ்வளவுதான். இரண்டாவது 'ஹி'க்கு அடுத்த நாற்காலி. ஜன்னலில் நின்றவர்கள் வாய்க்குள் எண்ணுவது சந்தனமேரிக்குக் கேட்டது. வாசிப்பதை அவள் நிறுத்தவில்லை. ஆறாவது 'ஹி'க்கும் ஒரு நாற்காலி காலியாகி, ஏழாவதை வாசித்து முடித்தபோது, ஒரே ஒரு அருணகிரி, ஆறு காலி நாற்காலிகளுக்கு நடுவில், ஒரு கையைத் தொடையில் வைத்தபடி உட்கார்ந்திருந்தார். அவர் குள்ளம் என்பதை ஊர் அன்றைக்குத்தான் பார்த்தது. சட்டையில் ஒரு பொத்தான் இல்லை. கழுத்தில் வேர்வை வழிந்தது. முப்பிடாதி தூணிலிருந்து ஒரு அடி முன்னால் வந்தாள்.

அதிகாரி நிமிர்ந்து உட்கார்ந்தார். "நல்லது. இப்ப ஒண்ணே ஒண்ணு. இந்த மனுவுல சொல்ற ஆள் இந்தக் கூடத்துல இருக்காரா? டைப் அடிச்சவங்க நீங்கதானே, நீங்களே உறுதி சொல்லுங்கம்மா. ஸ்டெனோ, எழுதிக்குங்க."

அருணகிரி திரும்பிச் சந்தனமேரியைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இல்லை. ஜீப்பில் போகும்போது கடைப்பக்கம் தினமும் பார்க்கிற பார்வைதான். சந்தனமேரி தாளை மடித்துப் பிடித்தாள். தாளில் அடித்ததைத்தான் வாயால் சொல்ல வேண்டும். பன்னிரண்டு வயதில் சந்தோஷப்பட்டவள்தானே, சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தாள்.

"இருக்காவ சார்" என்றாள். "அவிய இங்கதான் இருக்காவ."

சொல்லி முடித்த பிறகுதான், 'அவர்' என்றில்லை, 'அவர்கள்' என்றல்லவா சொல்லிவிட்டோம் என்று அவளுக்கே காதில் விழுந்தது. ஸ்டெனோவும் அந்தச் சீமைக்காரர்தான், அவர் பேனாவும் பழகின வழியில் 'தே' என்று ஓடியது. காலியாக இருந்த நாற்காலியில் இரண்டாவது அருணகிரி உட்கார்ந்து மீசையை நீவிக்கொண்டிருந்தார்.

"இல்ல சார், அவிய இல்ல, நான் சொல்ல வந்தது" என்று தடுமாறினாள். மூன்றாவது நாற்காலி நிறைந்தது. சந்தனமேரி வாயைப் பொத்திக்கொண்டாள்.

அப்போது கொம்பையா கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தான். அருணகிரியை நோக்கி நேராகக் கைநீட்டி, "அவியதான் சார் அடிச்சாவ! நான் என் கண்ணால பாத்தேன். அவிய கடப்பாரைய எடுத்தாவ, இசக்கி கையெடுத்துக் கும்பிட்டான், அவிய கேக்கல!" என்று திரும்பத் திரும்பக் கத்தினான். உண்மையைத்தான் சொன்னான். உயிரை வெறுத்துச் சொன்னான். அவன் சொல்லச் சொல்ல நாற்காலிகள் நிறைந்து, அதற்கும் மேலே ஒருவர் நின்றுகொண்டு இருக்க வேண்டியதாயிற்று. கொம்பையா தான் பெருக்கிவிட்டதைப் பார்த்து அப்படியே உட்கார்ந்துவிட்டான்.

அவன் துணிந்ததைப் பார்த்து மற்றவர்களுக்கும் துணிச்சல் வந்தது, அதுதான் பெரிய கொடுமை. ஆமா சார், அவியதான், நானும் பாத்தேன், அவியளத்தான் பாத்தேன் என்று ஜன்னலிலிருந்தும் வாசலிலிருந்தும் எத்தனையோ மாசமாக அடக்கிவைத்திருந்ததையெல்லாம் கொட்டினார்கள். சிலர் அழுதார்கள். இசக்கிமுத்துவுக்காக அந்த ஊர் வாய் திறந்து பேசியது அன்றைக்கு ஒரு நாள்தான், பேசின ஒவ்வொரு வாய்க்கும் ஒரு அருணகிரி கூடினார். கூடம் பிதுங்கியது. பேசினவர்களையே சுவரோடு சுவராக நெருக்கிக்கொண்டு, ஒரே மீசையும் ஒரே வழுக்கையுமாக நின்றார்கள். அதிகாரி எழுந்து மேஜைமேல் கைவைத்து, "இதுல எந்த ஆளுய்யா? எந்த ஆளு?" என்று கேட்டுக் கேட்டு ஓய்ந்து, கடைசியில் ஃபைலை மூடி நாடாவைக் கட்டினார். ஸ்டெனோ பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகினார்.

அதற்குப் பிறகுதான் முப்பிடாதி பேசினாள். சத்தம் போடவில்லை.

"அவன்தான்" என்றாள். நெருக்கத்தில் பக்கத்தில் நின்ற ஒரு அருணகிரியின் நெஞ்சில் விரலை வைத்தாள். "அவன்தான் எங்க வீட்டு அவியளக் கொன்னான்."

பிறந்த நாளிலிருந்து அந்தக் குடும்பத்து ஆள் யாரையும் அவள் அப்படிச் சொன்னதில்லை. கூடத்தில் எல்லாருக்கும் கேட்டது. நெஞ்சில் விரல் பட்ட அருணகிரி ஸ்டெனோவைப் பார்த்தார், அவருடைய மூடின பேனாவைப் பார்த்தார், மறைந்து போகாமல் அங்கேயே நின்றார். முப்பிடாதி அடுத்தவர் நெஞ்சில் விரலை வைத்து, "அவன்" என்றாள். அதற்கடுத்தவர். "அவன்." யாரும் குறையவில்லை. தூண் பக்கத்துச் சுவரோடு ஒட்டி நின்றபடியே அவள் திரும்பி, கூடத்தின் மறுசுவரோரம் நெருக்குண்டு நின்ற சந்தனமேரியைத் தேடிப் பார்த்தாள்.

"எழுதுங்கக்கா" என்றாள். "இப்ப எழுதுங்க. நான் சொல்லிட்டேன்லா."

சந்தனமேரியின் கையில் திருத்திய மனு இருந்தது. பின்பக்கம் வெறுமையாகத்தான் இருந்தது. பேனாவும் இருந்தது. அவள் பேனா மூடியைக் கழற்றினாள், தாளைச் சுவரில் வைத்து அழுத்தினாள். அப்போது ஒரு அருணகிரி, "மேரி, கொஞ்சம் வழி விடு, நேரமாச்சு" என்றார். சாதாரணமாகத்தான் சொன்னார். சந்தனமேரி பேனாவைத் தாழ்த்தி, சுவரோடு ஒட்டி, வயிற்றை எக்கிக்கொண்டு வழிவிட்டாள். அவர்கள் வெளியே போக ஆரம்பித்தார்கள். இரண்டு பெண்களுக்கும் நடுவில், ஒருவர் பின் ஒருவராக, அவசரமில்லாமல், தோளில் துண்டைச் சரிசெய்துகொண்டு போய்க்கொண்டே இருந்தார்கள். எத்தனை பேர் என்று எண்ணுகிற நிலையில் யாரும் இல்லை. முடிய வெகுநேரம் ஆயிற்று. கடைசி அருணகிரி வாசற்படி இறங்கித் தெருவில் கால் வைத்தபோது, எதிர்ச்சுவரோரம் முப்பிடாதி இல்லை, எழுதாத தாளுக்குக் காத்திராமல் போய்விட்டிருந்தாள்.